லிடியாவின் கையெழுத்து

புது நெக்டரின் பழ ரகத்தின் தோல், சதை, கொட்டை எல்லாவற்றையும் வர்ணித்து எழுதி முடித்துவிட்டார் ரகப் பதிவு நிபுணர் டேரல். அதற்காகத்தான் மில்டுரா ஊரிலிருந்து இந்த ஷெப்பர்ட்டன் பழத்தோட்டத்துக்கு வந்திருந்தார். ரகத்தை வேறு யாரும் வளர்த்து விற்காமலிருக்கச் செய்யும் உரிமைப் பதிவுக்குப் பெயர் மட்டும் பாக்கி.

"லிடியா. என் பொண்ணு பேரு," என்றாள் ரகத்தை உருவாக்கிய நெரினா.

"ஜோரா இருக்கு. என் பேரை வச்சா ஈகூட மொய்க்காது. ஆனா ஆள் பேருன்னா அவங்க சம்மதக் கையெழுத்து வேணும்க்கா."

"அவ போட மாட்டா."

"கோபமா? நான் பேசறேன். என் மககிட்ட தினமும் மன்னிப்புக் கேட்டு நல்ல பழக்கம்."

"அவ செத்து ஏழு வருஷம் ஆச்சு."

டேரல் தொப்பியைக் கழற்றினார். "என் வாயைத் தைக்கணும். மன்னிச்சுக்கங்க. செத்துப் பத்து வருஷம் ஆகலைன்னா, அவங்க உயில்ல பொறுப்பாக் காட்டினவர் போட்டாப் போதும்."

"அது அவ புருஷன்."

"அப்பாடா! எங்க இருக்கார்?"

"பக்கத்துத் தோட்டத்துல. அவமேல டிராக்டரை ஏத்தினவன். விபத்துன்னு கோர்ட்டு விட்டுருச்சு."

டேரல் பேனாவை மூடினார்.

"இன்னும் மூணு வருஷம் பொறுத்தா, அவன் கையெழுத்து வேண்டாமில்ல?"

"வேண்டாம். ஆனா அதுவரைக்கும் பழத்தை விக்கக் கூடாதுக்கா. வித்துட்டா புது ரகம்னு ஏத்துக்க மாட்டாங்க."

நெரினா பறித்து வைத்திருந்த பழக்கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு குப்பைக் குழிக்கு நடந்தாள். டேரல் இன்னொரு கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.