பன்னிரண்டு மணிக்கு மேல்

தட்சிணாமூர்த்தியின் தலைக்குள் இருந்த சிப்பில் வைரஸ் புகுந்துவிட்டது. மனதில் பூட்டி வைத்ததையெல்லாம் மனிதர் வாய்விட்டு ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டார்.

சிஸ்டத்தை அழித்துப் புதிதாகப் போட மெக்கானிக் ஜெரால்டு வந்தபோது வெள்ளிக்கிழமை காலை பத்தரை.

"ராகு காலம் பொறந்துடுச்சு தம்பி. பன்னெண்டுக்கு மேல போடுங்க" என்றாள் மனைவி அமுதவல்லி.

"அவர் சொல்லச் சொல்ல அந்தந்த ஞாபகம் ஒவ்வொண்ணா அழியுதும்மா. போனது திரும்ப வராது."

"ஒண்ணரை மணி நேரத்துல என்ன கொறஞ்சிடப் போகுது?"

முப்பது வருடத்தில் 'சாப்பாடு ஆச்சா', 'தண்ணி வந்துச்சா' தவிர அவளிடம் எதுவும் பேசாத மனிதர் அவர். பதினோரு மணி வரை பழைய மேனேஜரைத் திட்டித் தீர்த்தார். பிறகு குரல் இறங்கியது.

"பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு அமுதா என் சட்டையில காபியக் கொட்டிட்டா. அந்தச் சட்டைய நான் இன்னும் தொவைக்கப் போடல. அவ பாடுனா ரேடியோவக் கொறச்சு வச்சுக் கேப்பேன். அவளுக்குத் தெரியாது."

பீரோவில் கிடந்த அந்தக் கறைச் சட்டையை இத்தனை நாளும் கஞ்சத்தனம் என்றே அமுதவல்லி நினைத்திருந்தாள். எழுந்து போய் எடுத்து வந்து காட்டினாள்.

"யாரோட சட்டை இது?" என்றார் அவர்.

மணி பன்னிரண்டு அடித்தது. ஜெரால்டு பெட்டியைத் திறந்தான்.

"போட்டுடலாமாம்மா?"

அமுதவல்லி நாற்காலியைக் கணவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எமகண்டம் முடியட்டும் தம்பி."

"அது மூணு மணிக்குத்தானேம்மா ஆரம்பிக்குது?"

"தெரியும். முடியட்டும்."