தலைகீழாய் ஒட்டிய லேபிள்

கடல் தாண்டிப் போன எண்ணூறு மிக்ஸிப் பெட்டிகளும் திரும்பி வந்து கம்பெனி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அந்த நாட்டு எழுத்தில் அச்சடித்த லேபிள் ஒவ்வொன்றும் தலைகீழாக ஒட்டியிருக்கிறது. ஈரத்துணியும் நகமுமாகப் பெண்கள் சுரண்டுகிறார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் முதலாளியும் தரையில் உட்கார்ந்து சுரண்டுகிறார். வெளிநாட்டு ஆர்டர் வந்ததும் சரக்கு இல்லையென்று முதலாளி திருப்பி அனுப்பிய உள்ளூர்க் கடைக்காரர், வண்டியை நிறுத்தி எட்டிப் பார்க்கிறார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார். "ஒட்டின அன்னைக்கே கேட்க வந்தேன் சார், நீங்க போன்ல இருந்தீங்க," என்று பேக்கிங் அக்கா புது லேபிளை நீட்டுகிறாள். "இப்பவாவது சொல்லுங்க, இதுல எது மேல் பக்கம்?" முதலாளி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடிக்கிறார். திருப்புகிறார். மறுபடியும் திருப்புகிறார். சுரண்டும் சத்தம் ஒவ்வொன்றாக நிற்கிறது.