இரண்டாவது கிடார்

"ஒருத்தன் வாசிச்சா ரெண்டு பேரு வாசிக்கிற மாதிரி கேக்கும். இன்னா, நம்ப முடியலையா?"

தணிகைவேல் அந்தக் கறுப்புப் பெட்டியை மேடையில் வைத்து, அதன் பொத்தானைக் காலால் அழுத்தினான்.

ஆர்க்கெஸ்ட்ரா முதலாளி நாகபூஷணம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். திருப்பதியில் பெரிய கல்யாண மண்டபம். சாயங்காலம் ரிசப்ஷன். பெண் வீட்டார் இரட்டைக் கிடார் வேண்டும் என்றுதான் இந்தக் குழுவைத் தேடி வந்திருந்தார்கள்.

"வாசி, சூஸ்தாம், பாக்கலாம்" என்றார் தெலுங்கு கலந்த தமிழில்.

தணிகைவேல் ஒரு மெட்டை எடுத்தான். அவன் தொட்ட ஒவ்வொரு சுரத்தோடும் அதற்கு இசைவான இன்னொரு சுரம் மேலே சேர்ந்து வந்தது. கண்ணை மூடிக்கொண்டால் பக்கத்தில் இன்னொருத்தன் உட்கார்ந்திருக்கிறான் என்றே தோன்றும்.

"எக்கட புடிச்சே இத?"

"என் சிநேகிதன் முரளி சிங்கப்பூர்லேர்ந்து எடுத்தாந்தான். கிடார் சத்தத்த உள்ள வாங்கிக்கினு, ஜோடி சேர்த்து வெளிய அனுப்பும்."

"எல்லாம் சரி தணிகா. தம்பியக் கூப்ட்டு ஒரு வார்த்த பேசியிருந்தா இந்தக் கஷ்டமே இல்ல."

தணிகைவேல் குனிந்து பெட்டியின் வயரைச் சுருட்டினான்.

அவனும் தம்பி சந்திரனும் நகரிக்காரர்கள். விசைத்தறி ஓட்டிக்கொண்டே கிடார் பழகியவர்கள். இருவரும் சேர்ந்து வாசித்தால் சித்தூர் முதல் காளஹஸ்தி வரை கைதட்டல்தான். ரேணிகுண்டா பக்கம் புதுப்புதுக் கம்பெனிகள் வந்தன. சந்திரன் ஒன்றில் சேர்ந்தான். ஷிஃப்ட்டு மாறியதில் ஒத்திகை தவறியது, அப்புறம் ஒரு கச்சேரியே தவறியது. அன்றைக்கு எல்லார் முன்னாலும் தணிகைவேல் கத்தினான்.

"கம்பெனி வோணுமா, கிடார் வோணுமா? ஒண்ணு சொல்லு."

"ரெண்டும் வோணும்ணா. புள்ளைங்க படிக்குது."

"அப்ப என் மூஞ்சில முழிக்காத!"

அதோடு பேச்சு நின்றது. சந்திரன் வீட்டிலிருந்து இரண்டு முறை ஆள் வந்தது. தணிகைவேல் மசியவில்லை.

மாலையில் மண்டபம் நிறைந்தது. திரை விலகும் நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் உறுமியது, விளக்குகள் ஒருமுறை பளீரென்று எரிந்து அடங்கின. திரை விலகியது. தணிகைவேல் பொத்தானை மிதித்துவிட்டு மெட்டை ஆரம்பித்தான். முதல் வரி தனியாகப் போனது. தொலைந்தோம் என்று நினைப்பதற்குள், இரண்டாவது வரியில் ஜோடிச் சுரம் வந்து சேர்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பாடகி ரேகா திடீரென்று அரைக் கட்டை ஏற்றிப் பாடிவிட்டாள். குனிந்து பெட்டியைத் திருகி மாற்றிவைக்க நேரமில்லை. ஆனாலும் இரண்டாவது கிடார் பிசகாமல் கூடவே ஏறியது. மத்தியானம் கேட்டதைவிட இப்போது இன்னும் இழைந்து கேட்டது. சிங்கப்பூர் சாமான் என்றால் சும்மாவா என்று எண்ணிக்கொண்டான்.

கச்சேரி முடிந்ததும் நாகபூஷணம் கட்டிப் பிடித்துக்கொண்டார். "பலே தணிகா! பெண்ணுக்கு அப்பா உன்னத்தான் கேட்டுக்கினு இருக்காரு. இனிமே நமக்கு ரெண்டாவது ஆளே வோணாம், அக்கர்லேது!"

அவர் நகர்ந்த பிறகுதான் மேடைப் படிக்கட்டு அருகே கம்பெனிச் சட்டையோடு நின்ற சந்திரனைத் தணிகைவேல் பார்த்தான்.

"நல்லா இருந்துச்சிண்ணா" என்றான் சந்திரன்.

தணிகைவேலுக்கு இத்தனை நாள் அடக்கிவைத்தது பொங்கியது.

"கேட்டியா? இதுக்கு ஷிஃப்ட்டு இல்ல. லீவு இல்ல. நாளு பூரா காத்துக்கினு கெடந்தாலும் லேட்டாயிடுச்சின்னு தலையச் சொறியாது. உன் எடத்துக்கு இனிமே இதான். நீ நிம்மதியா கம்பெனிக்குப் போ."

சந்திரன் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"சரிண்ணா. கம்பெனி பஸ் வந்துடும். அண்ணிய கேட்டதாச் சொல்லு."

அவன் கூட்டத்துக்குள் நுழைந்து போய்விட்டான். தணிகைவேலுக்கு உள்ளே லேசாகச் சுருக்கென்றது. சொன்னதில் என்ன தப்பு என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு கிடாரை உறையில் போட்டான்.

மைக்செட் துலுக்காணம் பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான்.

"அண்ணா, இத மெட்ராசுக்குத்தான் அனுப்பணும். இங்க யாருக்கும் ரிப்பேர் தெரியாது."

"ரிப்பேரா? இப்பதான் சிங்கம் மாதிரி வாசிச்சுது!"

"எங்க வாசிச்சுது? ஜெனரேட்டர் போட்டப்பவே உள்ள கருகிப்பூட்ச்சி. உன் கிடார் சத்தம் மட்டும் நேரா வந்துக்கினு இருந்துது."

"இன்னாடா ஒளர்ற? ரெண்டாவது கிடார் நான் கேட்டேனே!"

துலுக்காணம் வாசல் பக்கம் பார்த்தான்.

"சந்திரண்ணன் மத்தியானமே வந்துட்டாருண்ணா. 'கரண்ட நம்ப முடியாது, எங்கண்ணன் மானம் போயிடக் கூடாது'ன்னு வேன்ல கெடந்த பழைய கிடாரைக் கேட்டு வாங்கிக்கினு, மேடையோட பின்பக்கத் திரைக்கு அந்தாண்ட வயரு மாட்டி ஒக்காந்துட்டாரு. மொதப் பாட்டுலேர்ந்து கடைசிப் பாட்டு வரிக்கும் வாசிச்சவரத்தான் நீ இப்ப கம்பெனிக்குப் போன்னு அனுப்பிட்ட."