காகம் குளித்த புற்று

முருங்கை மரத்தடியில் கோழி புழுதியில் புரண்டுகொண்டிருந்தது. இறகுக்குள் செள்ளுப்பூச்சி ஏறி மூன்று நாளாக ஒரே அரிப்பு. கொத்திக் கொத்திக் கழுத்தே புண்ணாகிவிட்டது.

அப்போது ஒரு காகம் பறந்து வந்து, எல்லோரும் சுற்றிப் போகிற செவ்வெறும்புப் புற்றின் மேலேயே சிறகை விரித்துப் படுத்தது.

கோழி புரள்வதை நிறுத்தியது. ஆயிரம் எறும்புகள் ஆத்திரத்தோடு ஏறி, இறகு இறகாய்ப் புகுந்து, வயிற்றிலிருந்து நெடியடிக்கும் புளிப்பு நீரைப் பீய்ச்சின. காகமோ கண் சொருகிக் கிடந்தது. அந்த நெடி தாங்காமல் அதன் உடம்பிலிருந்த செள்ளெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது.

பிறகு காகம் திடீரென்று அலறிக்கொண்டு எழுந்து, உடம்பை உதறிவிட்டு, கோழியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"எவ்வளவு பெரிய பறவை, நம்மிடம் தோற்று ஓடுகிறது" என்று எறும்புகள் ஒன்றையொன்று தட்டிக்கொடுத்தன.

"அவ்வளவு நேரம் சுகமாகத்தானே கிடந்தாய் அக்கா, கடைசியில் ஏன் அப்படிக் கத்தினாய்?" என்று கோழி மெதுவாகக் கேட்டது.

"அரிப்பு நாளைக்கும் வரும்," என்றது காகம். "நான் சுகப்பட்டேன் என்று தெரிந்தால் எறும்புகள் மறுபடி அந்த நீரைப் பீய்ச்சுமா?"

கோழி புழுதியை உதறிவிட்டு எழுந்தது. பிறகு ஒருமுறை அலறிப் பார்த்துக்கொண்டு, புற்றை நோக்கி நடந்தது.