பொறந்தநாள் பாட்டு

"மனுசன் வாய் பொய் சொல்லும் அண்ணாச்சி, காலு சொல்லாது. மேசைக்கு அடியில எத்தனை காலு தாளம் போடுதுன்னு பாத்தா போதும். அடுத்த பாட்டு என்னன்னு தன்னால தெரிஞ்சிரும்."

மேனேஜர் கைலாசத்திடம் பெர்லின் இப்படிச் சொன்னது, வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது சனிக்கிழமை. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு ஹோட்டலின் மாடி பாரில் டி.ஜே. வேலை. அதற்கு முன்னால் பாளையங்கோட்டையில் சர்ச் பாடகர் குழுவுக்கு கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தான்.

முதல் வாரம் அவன் போட்ட இங்கிலீஷ் பாட்டுக்கு ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரம் பாதிப் பேர் ஆடினார்கள். இந்த வாரம் ஏழரை மணிக்கே ஆடுகிற இடத்தில் நிற்க இடமில்லை.

"எல்லாம் சரிதான்டே," என்றார் கைலாசம். "சாதிப் பெருமை பேசுத பாட்டு மட்டும் வேண்டாம், கேட்டியா?"

"எனக்குத் தெரியாதா அண்ணாச்சி?"

கைலாசம் கீழே போனார்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னலோர மேசையில் இருந்த எட்டுப் பேர் வந்து பெர்லினைச் சுற்றி நின்றார்கள். அவர்கள் கேட்டது சரியாக அந்த மாதிரிப் பாட்டுதான். தங்கள் ஆட்களின் வீரத்தைப் பாடுகிற பாட்டு.

"ஒரே ஒரு தடவை போடும்வே. இந்தப் பாருல ஒரு பய உக்கார மாட்டான்."

பெர்லின் யோசித்தான். எட்டுப் பேர் கேட்கிறார்கள். மறுத்தால் ஆட்டமே அடங்கிவிடும்.

போட்டான்.

விசில் பறந்தது. எட்டுப் பேரும் துண்டைச் சுழற்றி ஆடினார்கள். முடிந்ததும் "இன்னொரு தடவை" என்றார்கள். அதையும் போட்டான்.

தூணுக்குப் பக்கத்து மேசையில் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் எழுந்து வந்தான்.

"எங்க பாட்டு ஒண்ணு இருக்கு. போடுதீரா?"

"அது எங்கிட்ட இல்லையே. பெறவு பாக்கலாம்வே."

வந்தவன் திரும்பிப் போனான். பெர்லின் அவனை அதோடு மறந்துவிட்டான். அவன் கண்ணெல்லாம் ஆடுகிறவர்கள் மேல்தான். மூன்றாவது தடவையும் அதே பாட்டு ஓடியது.

அப்போதுதான் அந்த ஆள் வந்தார்.

ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடி, சந்தன நிற முழுக்கைச் சட்டை. அதுவரை மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தவர், கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி வந்து மைக்கைப் பிடுங்கினார்.

"பாட்டை நிப்பாட்டும்வே. இன்னைக்கு எனக்குப் பொறந்தநாளு. பொறந்தநாள் பாட்டு போடும்."

"அண்ணாச்சி, போய் உக்காருங்க."

"போட்டாத்தான் போவேன்."

சொன்னவர் பாட்டுப் போடுகிற மிக்ஸர் மேலேயே சாய்ந்துவிட்டார். பாட்டு நின்றுபோனது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் கத்தினார்கள். ஆளை எப்படியாவது அனுப்பினால் போதும் என்று பெர்லின் பிறந்தநாள் பாட்டைப் போட்டுவிட்டான்.

அவர் ஆடிய ஆட்டத்தை ஆட்டம் என்று சொல்ல முடியாது. இடுப்பு ஒரு பக்கம் போனது, கை ஒரு பக்கம் போனது. நேராகத் தூணோர மேசைக்குப் போனார். "மருமவனே, மாமனுக்குப் பொறந்தநாளு, வரமாட்டியா?" என்று ஒருவனை இழுத்துக்கொண்டு வந்தார். ஜன்னலோர மேசைக்காரன் ஒருவனையும் "மருமவனே" என்று கட்டிப்பிடித்தார். இருவருக்கும் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றியவர், அப்படியே மல்லாக்க விழுந்தார்.

பார் முழுக்கச் சிரிப்பு. ஒரு கையை அவன் பிடிக்க, ஒரு கையை இவன் பிடிக்க, இருவரும் சேர்ந்து அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். கண்ணாடியை யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.

பெர்லின் மைக்கை எடுத்தான்.

"அண்ணாச்சிக்கு வருசத்துக்கு எத்தனை பொறந்தநாளுன்னு அவிய வீட்டம்மாகிட்டத்தான் கேக்கணும். யாராவது பைய வெளிய கொண்டு விடுங்கப்பா."

மறுபடியும் சிரிப்பு, கைதட்டல். செக்யூரிட்டி வந்து அவர் சட்டையைப் பிடித்துக் கூட்டிப்போனான். அவர் எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

பெர்லின் நல்ல குத்துப்பாட்டு ஒன்றைப் போட்டான். இந்த முறை இரண்டு மேசைக்காரர்களும் சேர்ந்தே ஆடினார்கள்.

இடைவேளையில் தண்ணீர் கொண்டுவந்த சப்ளையர் மாரிசெல்வத்திடம் பெர்லின் சொன்னான்: "பாத்தீரா? மொத்தக் கூட்டமும் இப்பம் நம்ம கையில."

மாரிசெல்வம் சிரிக்கவில்லை.

"மூணாவது தடவை அந்தப் பாட்டு ஓடுனப்போ தூணோர மேசையைப் பாத்தீரா?"

"இல்லையே. ஏன்?"

"ஆறு பேரும் எந்திரிச்சுட்டானுவ. ஆளுக்கொரு காலி பாட்டிலு, கழுத்தைப் பிடிச்சுக் கையில வச்சிருந்தானுவ. எனக்குக் கை காலு ஓடல. இன்னும் ரெண்டு எட்டு வச்சிருந்தா இங்கன ரத்தந்தான்."

பெர்லின் தம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தான். தான் போட்ட பாட்டு, தானே மூன்று தடவை போட்ட பாட்டு.

"நல்லவேளை," என்றான் மெதுவாக. "அந்தக் குடிகாரர் நடுவுல வந்து விழுந்தாரு."

"குடிகாரரா?" மாரிசெல்வம் அவனையே பார்த்தான். "அவரு மேசைக்கு நாந்தான்வே சப்ளை. சேக்காளி ஒருத்தருக்காகக் காத்துக்கிட்டு இருந்தாரு, குடிச்சது ஒரு லைம் சோடா. இவனுவ பாட்டிலைத் தூக்குனதும், பக்கத்து மேசையில கெடந்த பீரை எடுத்துத் தன் சட்டையில ஊத்திக்கிட்டுல்லா எந்திரிச்சு வந்தாரு."