ராணுவத்தின் முகவரி

“இந்த லேபிளை நான் ஒட்ட மாட்டேன் சார்” என்றாள் மைமூன்.

சங்கரன்கோவில் துப்பாக்கி ஸ்பிரிங் கம்பெனியின் பேக்கிங் அறையில் எல்லாரும் கையை நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் துரைப்பாண்டி எழுந்து வந்தார்.

“பாவம் புண்ணியம் பாக்குதியாக்கும். சண்டை நடக்கிற நாட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னு கவர்ன்மென்ட்டு தடை போட்டிருக்கு, சரி. இது அங்கன போகல. பக்கத்து வளைகுடா நாட்டுக்குப் போகுது. ‘எங்களுக்கு மட்டுந்தான், வேற யாருக்கும் குடுக்க மாட்டோம்’னு அந்த ராணுவமே எழுதிக் குடுத்திருக்கு. டெல்லியில பெர்மிட்டும் ஆயாச்சு.”

“பாவம்னு நான் சொல்லல சார். பொய்னு சொல்லுதேன்.”

“டெல்லிக்காரனுக்குத் தெரியாதது கடையநல்லூர்க்காரிக்குத் தெரிஞ்சுபோச்சோ? ஒட்டுதியா, வீட்டுக்குப் போறியா?”

“போறேன். பெர்மிட் குடுத்த ஆபீசுக்கு ஒரு லெட்டர் எழுதிப் போட்டுட்டுப் போறேன்.”

“என்னன்னு எழுதுவே?”

மைமூன் லேபிளை மேசைமேல் வைத்தாள். ‘ராணுவத் தலைமையகம்’ என்ற வரிக்குக் கீழே இருந்த தபால் பெட்டி எண்ணில் விரலை வைத்தாள்.

“இந்த நம்பருக்கு நான் பதினாலு வருஷம் லெட்டர் போட்டிருக்கேன் சார். ஒண்ணுகூடத் தவறாம அந்த நாட்டுல இருந்த எங்க வீட்டுக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்துச்சு.”

“அவரு ராணுவத்துலயா இருந்தாரு?”

“பரோட்டாக் கடையில மாவு பிசைஞ்சாரு.”