வாயில் நுழையாத பெயர்

"பிள்ளைக்கு யாத்கார்னு பேர் வைக்கலாங்க" என்றாள் மனைவி.

லாண்டரி சூப்பர்வைசர் கையிலிருந்த பிளாஸ்க்கைக் கீழே வைத்தார்.

பிரசவ வார்டின் மூலைக் கட்டில். விரிப்பின் ஓரத்தில் இஸ்திரி தீய்ந்த மஞ்சள். வேறொரு நாளாக இருந்தால் அதை வைத்தே ஒரு பாட்டு பாடியிருப்பார். 

வராந்தாவுக்குப் போய் போனில் தேடினார். பாரசீகப் பெயராம். ஆண் பெயர், அபூர்வமாகத்தான் வைப்பார்களாம். 'யாத்' என்றால் நினைவு. 'யாத்கார்' என்றால் நினைவாக விட்டுச் சென்றது.

யார் விட்டுச் சென்றது?

கடைத்தெருவைத் தாண்டாதவளுக்குப் பாரசீகம் எங்கிருந்து வந்தது?

பழைய முள் ஒன்று மறுபடி குத்தியது. இரண்டு வருடத்துக்கு முன் லாண்டரி பாய்லர் வெடித்து அவர் நினைவில்லாமல் கிடந்தபோது, இவள் மத்தியானங்களில் எங்கோ போய்வந்தாளாம். கண் சிவந்து திரும்புவாளாம். மச்சினி வாய்தவறி உளறியது. கேட்டபோது இவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

தெரிந்த ஆண்களையெல்லாம் மனதுக்குள் வரிசையாக நிறுத்தினார். மொட்டை, டமாரம், அரை டிக்கெட், ஒட்டடைக்குச்சி. எல்லாம் அவர் சூட்டிய பட்டங்கள். புதிதாக வேலைக்கு வருகிறவன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாலே, "வாயில நுழையற மாதிரி நானே வைக்கிறேன்" என்று கையமர்த்திவிடுவார். லாண்டரியே சிரிக்கும். அப்புறம் சொந்தப் பெயரை யார் கேட்டார்கள்?

ஒட்டடைக்குச்சியை மட்டும் அவசரமாக வரிசையிலிருந்து விலக்கினார். எங்கிருந்தோ தாயோடு பிழைக்க வந்த நெட்டைப் பையன். பாய்லர் வெடித்த அன்று அவரை வெளியே தள்ளிவிட்டு, தான் உள்ளேயே மாட்டிக்கொண்டவன். செத்தவன்மேல் சந்தேகப்பட்டால் அடுக்குமா?

மிச்சப் பேரில் எவன்?

வார்டுக்குத் திரும்பி, தூங்கும் குழந்தையின் மூக்கை உற்றுப் பார்த்தார். அச்சு அசல் தன்னுடைய சப்பை மூக்குதான். அப்படியும் மனசு ஆறவில்லை.

"யாருடி அவன்?"

பொரிந்து தள்ளுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ அவர் முழங்கையில் சுருங்கிக் கிடந்த தீக்காயத் தழும்பைத் தொட்டாள்.

"நீங்க நினைவில்லாம கிடந்தப்போ அவனோட அம்மாகூடப் போய் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லித்தான் அழுவாங்க. உங்ககிட்ட சொல்ல எனக்கு மனசு வரலைங்க. நம்ம ஒட்டடைக்குச்சியோட பேரு அது."

சூப்பர்வைசர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். உதட்டை மட்டும் அசைத்து அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார்.

சுலபமாகத்தான் வந்தது.